கையால் நிரப்பிய ரிவால்வர் தோட்டாவின் வேகம் குறைந்தால்: மருந்தைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் ரிவால்வர் தோட்டாக்களைத் தம் கையாலேயே நிரப்பிக்கொள்ளும் இலக்குச் சுடுநர்களில் பெரும்பாலோர் என்றேனும் ஒருநாள் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார்கள். தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள அளவின்படி வெடிமருந்தை எடைபோட்டு உலோக உறையில் இட்டு, அதன் வாயில் குண்டைப் பொருத்தி, உறையின் வாயை மடித்து முடித்த பிறகு, சுடுகளத்தில் குரோனோகிராஃப் என்னும் வேகமானியின் மேல் சுட்டுப் பார்த்தால், கையேடு சொல்லும் வேகத்துக்கு நொடிக்கு 100 அடி, சில நேரங்களில் 200 அடி குறைவாகக் காட்டுகிறது. வீட்டுக்குத் திரும்பியதும் மருந்தை இன்னும் சிறிது கூட்டிவிடலாம் என்ற எண்ணம்தான் முதலில் எழும். அதைச் செய்வதற்கு முன் எவற்றையெல்லாம், எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். தோட்டா நிரப்புவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றமாகும்.

எனக்கு நேர்ந்ததையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். என்னிடம் உள்ளது 4 அங்குலக் குழல் கொண்ட .357 மேக்னம் ரிவால்வர். அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷல் வகைத் தோட்டாவையும் அதில் சுடலாம். அமெரிக்க நடைமுறைச் சுடுதல் சங்கமான யுஎஸ்பிஎஸ்ஏ நடத்தும் போட்டிகளில், குண்டின் எடையை (கிரெய்ன் என்னும் சிறு அலகில்) நொடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துவரும் எண் 125க்குக் குறையக் கூடாது. 158 கிரெய்ன் எடையுள்ள வார்ப்பு ஈயக் குண்டுக்கு அந்தக் கணக்கு நொடிக்கு 792 அடி என்று வருகிறது. .38 ஸ்பெஷலுக்கான அளவை .357 உறையில் இட்டு நான் நிரப்பிய பத்துத் தோட்டாக்கள் சராசரியாக 718 அடிதான் காட்டின. அவற்றுள் மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் இடையே 130 அடி வேறுபாடு இருந்தது. இந்த இரண்டாவது எண்தான் பின்னர் எனக்கு வழிகாட்டியது.

முதலில் பாதுகாப்பு

வேகக் குறைவு போட்டிக் கணக்கோடு முடிந்துபோகும் சிக்கல் அன்று. அழுத்தம் போதாத தோட்டாவில் குண்டு குழலை விட்டு வெளியேறாமல் நடுவிலேயே நின்றுவிடலாம்; அதை உணராமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும், கையும் கண்ணும் தப்புவது அரிது. ஆகவே சத்தம் மந்தமாக இருந்தாலும், பின்னுதைப்பு வழக்கத்தைவிட மெலிதாக இருந்தாலும், இலக்கில் துளை விழவில்லை என்றாலும், விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, துப்பாக்கியை இலக்குத் திசையிலேயே அரை நிமிடம் பிடித்திருந்து, தோட்டாக்கள் அமரும் சுழல் பகுதியான சிலிண்டரைத் திறந்து, எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுத்தபின் குழலுக்குள் கம்பியைச் செலுத்திப் பார்க்க வேண்டும். சிலிண்டர் திறக்க மறுத்தால், குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலுமாக மாட்டியிருக்கக்கூடும். அப்போது வலிந்து திறக்க முயலாமல், சுடுகளப் பொறுப்பாளரிடம் சொல்லி, துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் உதவியை நாட வேண்டும். செம்பால் மேல்மூடிய குண்டுகள் ஈயக் குண்டுகளைவிடக் குழலில் அதிகமாக உராய்வதால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அவற்றுக்கே அதிகம். ஈயத்துக்கான குறைந்த அளவை அவற்றுக்குப் பயன்படுத்தவே கூடாது.

மருந்தைக் கூட்டுவது ஏன் முதல் வேலையாக இருக்கக் கூடாது என்பதற்கும் பாதுகாப்பே காரணம். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பான சாமி (SAAMI), .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டையும், .357 மேக்னத்துக்கு 35,000 பவுண்டையும் உச்ச அழுத்தமாக வகுத்துள்ளது. வேகம் குறைந்ததற்கான காரணம் குளிரோ, உறையின் தளர்ந்த பிடிப்போ, மருந்து உறைக்குள் கிடந்த நிலையோ ஆக இருந்து, அதை அறியாமல் மருந்தைக் கூட்டிவிட்டால், அந்தக் காரணம் நீங்கும் நாளில் அழுத்தம் எல்லையைத் தாண்டிவிடும். கையேட்டின் உச்ச அளவை எக்காரணம் கொண்டும் மீறக் கூடாது. வேகமானி குறைவாகக் காட்டுகிறது என்பது அதற்கான அனுமதி ஆகாது.

வேகமானி சொல்வது உண்மைதானா

குண்டு இரண்டு திரைகளைக் கடக்கும் நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும் ஒளித்திரை வகைக் கருவியில், முன்திரைக்கும் பின்திரைக்கும் இடையில் 24 அங்குலம் இருப்பதாகக் கருவி கணக்கிடும்போது உண்மையான இடைவெளி கால் அங்குலம் மாறினாலே விடை 1 விழுக்காடு பிழையாகிவிடும். குழல்வாய்க்கு மிக அருகே வைத்தால், குண்டுக்கு முன்பாக வரும் வாயுவையும் எரியாத மருந்துத் துகளையும் திரை குண்டென்று எண்ணிக்கொள்ளும். பத்து முதல் பதினைந்து அடி தள்ளி வைப்பதே சரி. மின்கலம் தளர்ந்திருந்தாலும், உள்ளரங்கில் குழல்விளக்கின் கீழ் வைத்திருந்தாலும் எண்கள் தாறுமாறாகும். ரேடார் வகைக் கருவிகளில் இந்தத் தொல்லைகள் குறைவு. ஆனால் அவற்றிலும் கருவியை இலக்கை நோக்கிச் சரியாகத் திருப்பி வைத்திருக்க வேண்டும்.

கருவியை நம்பலாமா என்று அறிய எளிய வழி, ஒரு பெட்டி தொழிற்சாலைத் தோட்டாவை உடன் கொண்டுபோவதுதான். 158 கிரெய்ன் உருண்டை மூக்கு ஈயக் குண்டு கொண்ட சாதாரண .38 ஸ்பெஷல் தோட்டாவுக்குப் பெரிய தயாரிப்பாளர்கள் 4 அங்குலக் குழலில் நொடிக்கு 755 அடி என்று நெடுங்காலமாக அறிவித்துவருகிறார்கள். அது உங்கள் துப்பாக்கியில் 730 அடி காட்டினால் வியப்பில்லை. 600 அடி காட்டினால் கருவியையோ துப்பாக்கியையோ ஐயுற வேண்டும், உங்கள் தோட்டாவை அன்று. அதே நாளில், அதே வெயிலில், அதே தொலைவில் இரண்டையும் சுட்டு ஒப்பிட்டால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

கையேட்டின் குழல் உங்கள் குழல் அன்று

ஏமாற்றங்களில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. மருந்துத் தயாரிப்பாளர்கள் தரும் பட்டியல்கள் பலவும் சிலிண்டர் இடைவெளியே (சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் வாயு கசியும் சிறு இடைவெளி) இல்லாத சோதனைக் குழலில் அளந்தவை. ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் .38 ஸ்பெஷல் பட்டியலில் குழல் நீளம் 7.7 அங்குலம்; .357 மேக்னம் பட்டியலில் 10 அங்குலம். இந்த நீளம் தோட்டா அமரும் அறையையும் சேர்த்தது. ரிவால்வரின் 4 அங்குலமோ சிலிண்டரை விட்டுவிட்டு அளந்தது. ஆகவே இரண்டு எண்களையும் நேராகக் கழித்துப் பார்ப்பதும் தவறே. இருந்தாலும், மெதுவாக எரியும் மருந்து இட்ட .357 தோட்டா 10 அங்குலச் சோதனைக் குழலிலிருந்து 4 அங்குல ரிவால்வருக்கு வரும்போது நொடிக்கு 200 அடிக்கும் மேல் இழப்பது இயல்பு. வேகமாக எரியும் மருந்தில் இழப்பு இதைவிடக் குறைவு. எனவே கையேட்டில் முதலில் பார்க்க வேண்டியது வேகப் பத்தியை அன்று. அந்தப் பக்கத்தின் தலைப்பில் சிறிய எழுத்தில் குறித்துள்ள சோதனைக் குழலின் விவரத்தை.

அதே பக்கத்தில் உறையின் பெயரையும் மறுபடி பார்க்க வேண்டும். .357 மேக்னம் உறை 1.290 அங்குலம், .38 ஸ்பெஷல் உறை 1.155 அங்குலம். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளமான உறைக்குள் .38க்கான அளவை இட்டால், குண்டின் கீழ் மீதமிருக்கும் வெற்றிடம் பெருகி, அழுத்தமும் வேகமும் இறங்கும். என் தவறுகளில் ஒன்று இது. இதற்கு மறுபுறமாக, .357க்கான அளவை .38 உறைக்குள் ஒருபோதும் இடக் கூடாது. அது கையையே இழக்கச் செய்யும் தவறு. குண்டைப் பொருத்தும் ஆழமும் இதே கணக்கில்தான் அடங்கும்: கையேடு சொல்லும் மொத்த நீளத்தைவிட வெளியே நீட்டிப் பொருத்தினால் வேகம் குறையும், உள்ளே அழுத்திப் பொருத்தினால் அழுத்தம் ஏறும்.

எண்களின் பரவலைப் படித்தல்

பத்துத் தோட்டாவாவது சுடாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. சராசரியோடு நில்லாமல், மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள இடைவெளியையும் எழுதிவைக்க வேண்டும். சராசரி தாழ்ந்திருந்தும் பத்து எண்களும் ஒன்றோடொன்று நெருங்கி நின்றால், மருந்து ஒழுங்காக எரிகிறது என்று பொருள். குறைவுக்குக் காரணம் குழலின் நீளம், சிலிண்டர் இடைவெளி, உறையின் கொள்ளளவு, தராசின் நிலையான பிழை போன்ற, எல்லாத் தோட்டாவுக்கும் பொதுவான ஒன்றாகத்தான் இருக்கும். எண்கள் சிதறியிருந்தால், ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்து வெவ்வேறு விதமாக எரிகிறது. அப்போது உறையின் பிடிப்பு, மடிப்பு, பிரைமர் (உறையின் அடியில் இருந்து, அடிபட்டதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்), மருந்தின் நிலை, மருந்தை அளந்து கொட்டும் அளவுக் கருவி என்ற திசையில் தேட வேண்டும். இந்த ஒரு பிரிப்பே பாதி வேலையை முடித்துவிடும். என்னுடைய 130 அடிச் சிதறல், துப்பாக்கியை விட்டுவிட்டு நிரப்பும் மேசையைப் பார் என்று சொன்னது.

கூடவே, சுட்ட உறைகளையும் பார்க்க வேண்டும். உறையின் ஒரு பக்கம் முழுக்கக் கரி படிந்திருந்தால், உறை விரிந்து அறையின் சுவரை அடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழவில்லை. பிரைமர் உறையின் அடியிலிருந்து சிறிது வெளியே தள்ளியிருப்பதும் குறைந்த அழுத்தத்தின் அடையாளமே. சுட்ட உறைகளைச் சிலிண்டரிலிருந்து வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் கீழும் குழலிலும் எரியாத மருந்துத் துகள்கள் கிடந்தால் எரிதல் நிறைவடையவில்லை.

உறையின் பிடிப்பு

எண்கள் சிதறும் வேளைகளில் நான் முதலில் ஐயுறுவது இதைத்தான், ஏனெனில் இதைக் கண்ணால் காண முடியாது. மருந்து பற்றிக்கொண்ட கணத்தில் குண்டு எளிதில் நகர்ந்துவிட்டால் அழுத்தம் எழுவதற்கு முன்பே இடம் பெருகிவிடும். குண்டை அந்தக் கணம்வரை பிடித்துவைப்பது உறைச் சுவரின் இறுக்கம். வாயை உள்நோக்கி மடிக்கும் கிரிம்ப் அதற்குத் துணை செய்யுமே தவிர, அதன் இடத்தை நிரப்பாது. தளர்ந்த உறையில் மடிப்பை எவ்வளவு அழுத்தினாலும் உறை வளைந்து இன்னும் தளரும்.

சோதனை எளியது. குண்டைப் பொருத்தி, மடிப்பதற்கு முன், தோட்டாவின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் வலுவாக அழுத்துங்கள். நீளத்தை முன்னும் பின்னும் காலிப்பரால் அளந்து பாருங்கள். குண்டு உள்ளே நகர்ந்திருந்தால் பிடிப்புப் போதாது. நன்கு பிடித்த தோட்டாவில் குண்டின் அடி எங்கே முடிகிறது என்பதை உறையின் மேல் விரலால் தடவியே உணரலாம். பிடிப்புத் தளர்வதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது உறையின் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர் கம்பி. 0.358 அங்குல ஈயக் குண்டுக்கு அந்தக் கம்பி ஏறத்தாழ 0.355 அங்குலம் இருந்தால் நல்லது. என் கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தபோது அது 0.3575 அங்குலம் இருந்தது. பலமுறை சுட்டுக் கெட்டிப்பட்ட உறைகளும், வெவ்வேறு தயாரிப்பாளர்களின் உறைகள் கலந்திருப்பதும் இதே விளைவைத் தரும். சோதனைத் தோட்டாக்களுக்காவது ஒரே முத்திரை கொண்ட, ஒரே எண்ணிக்கை சுட்ட உறைகளைப் பயன்படுத்த வேண்டும்.

மடிப்பைச் சோதிக்க, ஆறு தோட்டாக்களை இட்டு ஐந்தைச் சுட்டுவிட்டு, ஆறாவதை வெளியே எடுத்து அளக்க வேண்டும். பின்னுதைப்பில் குண்டு முன்னே நழுவியிருந்தால் நீளம் கூடியிருக்கும். மிகவும் நழுவினால் குண்டின் மூக்கு சிலிண்டருக்கு வெளியே நீண்டு, சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும்.

மருந்து உறைக்குள் கிடக்கும் நிலை

.38 ஸ்பெஷல், .45 கோல்ட் ஆகிய தோட்டா வகைகள் கருப்பு வெடிமருந்து வழக்கில் இருந்த 19ஆம் நூற்றாண்டில் தோன்றியவை. அந்த மருந்துக்கு வேண்டிய பெரிய கொள்ளளவு இன்றும் அவற்றில் அப்படியே இருக்கிறது. இன்றைய புகையிலா மருந்து அந்த இடத்தில் சிறு பங்கையே நிரப்புகிறது. துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்து உயர்த்திச் சுட்டால் மருந்து குண்டின் அடியில் சேர்ந்து, பிரைமரின் தீப்பொறியிலிருந்து விலகி நிற்கும். மேல்நோக்கிப் பிடித்திருந்து தாழ்த்திச் சுட்டால் பிரைமரின் மேல் குவிந்திருக்கும். சில மருந்துகளில் இவ்விரண்டுக்கும் இடையே நொடிக்கு 100 அடிக்கு மேல் வேறுபாடு வருவதுண்டு. சுடுகள விதிகள் அனுமதிக்கும் கோணத்துக்குள், ஐந்து தோட்டாக்களை ஒரு விதமாகவும் ஐந்தை மறுவிதமாகவும் சாய்த்துச் சுட்டுத் தனித்தனியே குறித்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். வேறுபாடு பெரிதாக இருந்தால், மருந்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, அதிக இடத்தை அடைக்கும் வேறு மருந்தையோ சிறிய உறையையோ நாடுவதே சரி. உறையின் வெற்றிடத்தைப் பஞ்சால் அடைக்கும் பழைய வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரைமர், சுத்தியல், அளவுக் கருவி

பிரைமர் தன் குழியின் அடியைத் தொடாமல் நின்றால், துப்பாக்கியின் சுத்தியல் அடிக்கும் ஆற்றலில் ஒரு பகுதி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகும். விரலால் தடவினால் அது உறையின் அடிக்குச் சிறிது கீழே இறங்கியிருக்க வேண்டும். விசையை மென்மையாக்குவதற்காக சுத்தியலை இயக்கும் முதன்மைச் சுருளைத் தளர்த்திய ரிவால்வர்களில், தோட்டா வெடித்தாலும் பற்றுதல் சீராக இராது. அந்தச் சுருளை இறுக்கும், ஸ்ட்ரெயின் ஸ்க்ரூ எனப்படும் திருகு முழுதும் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பிரைமருக்குப் பதிலாக, வலுவான தீப்பொறி தரும் மேக்னம் பிரைமரை மாற்றுவதென்றால், கையேட்டில் அந்தப் பிரைமருக்கென உள்ள அளவை எடுத்துக்கொண்டு தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டும்.

மருந்தைக் குறைப்பது எப்போதும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது; அதற்கு ஒரு விதிவிலக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். எச் 110 போன்ற, மெதுவாக எரியும் உருண்டை வடிவ மருந்துகளை மென்மையான தோட்டாவுக்காகக் குறைத்து இடுவது ஆபத்து. உச்ச அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அதற்கும் கீழே போனால் பற்றுதல் தடுமாறி, குண்டு குழலில் நின்றுவிடக்கூடும். மென்மையான தோட்டா வேண்டுமென்றால் அதற்கேற்ற மருந்தை வாங்க வேண்டும்.

தராசைச் சோதனை எடைக்கல்லால் சரிபார்த்த பிறகு, அளவுக் கருவியிலிருந்து பத்து அளவுகளைச் சேர்த்து எடைபோட்டுப் பத்தால் வகுப்பதும், அதன்பின் பத்தைத் தனித்தனியே எடைபோடுவதும் தேவை. முதலாவது சராசரியைக் காட்டும். இரண்டாவது சீரின்மையைக் காட்டும். செதில் வகை மருந்துகள் சிறிய துவாரத்தில் பாலம்போல் அடைத்துக்கொண்டு, ஓர் உறைக்குக் குறைவாகவும் அடுத்ததற்குக் கூடுதலாகவும் விழுவதுண்டு. அதனால் குண்டைப் பொருத்துமுன் எல்லா உறைகளையும் பலகையில் நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளும் எட்டிப் பார்ப்பதை என்றும் தவிர்க்கக் கூடாது. .38 உறையில் இரட்டை அளவு வழியாமல் அடங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

துப்பாக்கியின் பக்கம்

எண்கள் நெருங்கி நின்றும் தாழ்ந்தே இருந்தால், சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழலுக்கும் அதற்கும் இடையில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். 0.004 முதல் 0.008 அங்குலம்வரை இயல்பு, 0.010ஐத் தாண்டினால் பழுதுபார்ப்பவரிடம் காட்டலாம். ஆறு அறைகளுக்கும் எண்ணிட்டு, எந்த அறையிலிருந்து எந்த வேகம் வந்தது என்று குறிப்பதும் பயனுள்ளது. ஒரே அறை எப்போதும் பின்தங்கினால், அதன் முன்வாய் மற்றவற்றைவிட அகன்றிருக்கக்கூடும். குண்டு அறையின் முன்வாயில் விரலழுத்தத்தோடு நுழைய வேண்டும். தானாக விழுந்துவிட்டால், வாயு அதன் பக்கவாட்டில் கசிந்து வேகத்தையும் குறைத்துக் குழலில் ஈயத்தையும் படியவைக்கும். குறைந்த அழுத்தத் தோட்டாவுக்கு மிகக் கடினமான ஈயக் கலவை பொருந்தாது. சற்று மென்மையான ஈயம் அடியில் விரிந்து குழலை நன்றாக அடைக்கும்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான் முதலில் எக்ஸ்பாண்டர் கம்பியை மாற்றினேன். சிதறல் 130 அடியிலிருந்து 60 அடிக்கு இறங்கியது, சராசரி 751 அடிக்கு ஏறியது. பின்னர் மருந்தின் எடையை மாற்றாமலே, அதற்குரிய .38 ஸ்பெஷல் உறைக்கு மாறினேன். அளவு கையேட்டின் உச்சத்துக்குக் கீழேயே இருந்தது. பத்துத் தோட்டாக்களின் சராசரி 806 அடியாக வந்தது, போட்டிக் கணக்கில் 127. .38 உறையை .357 அறையில் சுட்டால் அறையின் முன்பகுதியில் கரி வளையம் படியும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதைத் தூரிகையால் சுரண்டி எடுக்கிறேன்.

மீதமிருந்த பழைய தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்காமல், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, குண்டு கழற்றும் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். குண்டுகளும் பிரைமர் பொருத்திய உறைகளும் மறுபயனுக்கு வந்தன. மருந்தை மட்டும் டப்பாவில் திரும்பக் கொட்டாமல் புல்வெளியில் மெல்லிதாகத் தூவிவிட்டேன். புதிய பெட்டியின் மேல் உறையின் முத்திரை, அது சுட்ட எண்ணிக்கை, மருந்தின் பெயரும் தயாரிப்புத் தொகுதி எண்ணும், பிரைமர், மொத்த நீளம், அன்றைய வெப்பநிலை, சராசரி, பரவல் ஆகிய எட்டையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.